பாண்டியைத் தூக்கிய சாயங்காலம்

நாகல் நகரில் நான் முடிவெட்டப் போகும் கடையில் இப்போது பெரிய டிவி மாட்டியிருக்கிறார்கள். போன வாரம் போனபோது டெஸ்ட் மேட்ச் முடிந்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. நாலாம் நாளிலேயே தோற்றுவிட்டோம். கோட்டுப் போட்ட மூன்று பேர் உட்கார்ந்து, அடுத்த மேட்சுக்கு யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்குக் கால் நகரவே இல்லையாம். இன்னொருவருக்கு மனசு சோர்ந்துவிட்டதாம். மனசு சோர்ந்தது எந்தக் கேமராவில் தெரிந்ததோ.

என் மீசைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்த கடைக்காரர் கையை நிறுத்தினார். "நீங்களே சொல்லுங்க சார், ஓப்பனிங் எறங்குறவனத் தூக்கிரலாமா, வேணாமா?"

மேலுதட்டில் சாயத்தோடு வாயைத் திறக்க முடியாது. அது வசதியாகப் போயிற்று. ஒருவனை டீமிலிருந்து தூக்குவது என்ற பேச்சு வந்தாலே எனக்கு நனைந்த தேங்காய் நாரின் வாசனை வந்துவிடும். எத்தனை வருஷமானாலும் போகாத வாசனை.

உங்களுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ, எங்கள் காலத்தில் இங்கே புல் விக்கெட் ஏது? கெட்டித் தரையில் தேங்காய் நாரில் பின்னிய 'மேட்' என்ற விரிப்பைப் போட்டு, தண்ணீர் தெளித்து, ஓரத்தில் ஆணி அடித்து இழுத்துக் கட்டித்தான் ஆட்டம். அந்த மேட்டுக்குச் சொந்தக்காரர் யூசுப் பாய். தோல் மண்டி வைத்திருந்தார். அவரிடம் நான் கிளார்க். உப்புப் போட்ட ஆட்டுத்தோல் வாசனை என் சட்டையில் ஊறிப்போயிருந்ததால், எவ்வளவு கூட்டமான பஸ்ஸிலும் எனக்குப் பக்கத்து சீட் காலியாகவே இருக்கும். அதைப் பற்றி அப்போது வருத்தப்பட்டேன். இப்போது கால்வலியோடு நின்றுகொண்டு போகும்போது, அது எவ்வளவு பெரிய சலுகை என்று தெரிகிறது.

டெஸ்ட் மேட்ச் நடக்கும் நாட்களில் தோல் அடுக்கின் மேல் ரேடியோ பாடும். பாய், மூட்டை தூக்குகிறவர்கள், நான் என்று எல்லோரும் சேர்ந்து இந்திய டீமைத் தேர்ந்தெடுப்போம். கண்ணால் பார்த்தே இராத ஆட்டக்காரனின் கால் எங்கே போகிறது என்பதில் எங்களுக்குள் சண்டை வரும். பாய் மட்டும் கடைசியில் ஒன்று கேட்பார். "அவனுக்கு ஒடம்பு, வீடு எல்லாம் நல்லா இருக்கான்னு யாராச்சும் கேட்டீங்களாப்பா?" நாங்கள் சிரிப்போம்.

எங்களுக்கென்றும் ஒரு டீம் இருந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாள் ஆடும் ஆட்டத்தை நாங்கள் வெட்கமில்லாமல் 'டெஸ்ட்' என்றே சொல்லிக்கொண்டோம். அதில் முதல் ஆளாக இறங்குபவன் பாண்டி. சித்தையன்கோட்டைப் பக்கம் கத்தரியும் தக்காளியும் போடுகிற குடும்பம். உரச்சாக்கில் பேட்டைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் வருவான். பந்தைக் கடைசிவரை பார்த்துவிட்டு, ஆடாமல் விடுவான். அவன் விடுவதைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் வருவார்கள். என் உயிர் நண்பன். அவனுக்கு அடுத்த ஓப்பனர் நான். அதாவது, மூன்று வருஷமாக எல்லைக்கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து ஸ்கோர் எழுதிக்கொண்டும், தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டும் இருந்தவன்.

அந்த வருஷம் பாண்டியின் ஆட்டம் திடீரென்று போய்விட்டது. விட வேண்டிய பந்தைத் தொட்டான், தொட வேண்டியதை விட்டான். ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் என்னைத் தனியே இழுத்துப்போய்ச் சொன்னான். அவன் மனைவிக்கு ஏழு மாசம். ரத்தக்கொதிப்பு ஏறி மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். வாரம் முழுக்க வார்டுக்கு வெளியே தரையில் படுத்துக் கிடந்துவிட்டு, சனிக்கிழமை முதல் பஸ்ஸில் நேராக மைதானத்துக்கு வந்துகொண்டிருந்தான்.

"ஒருத்தர்ட்டயும் சொல்லிராதலே. பாவம்னு என்னைய டீம்ல வச்சிருக்க வேணாம். ரெண்டு ஆட்டம் போகட்டும், சரியாயிருவேன்."

சொல்ல மாட்டேன் என்று கையில் அடித்துக் கொடுத்தேன்.

அரையிறுதி 'டெஸ்ட்' அடுத்த வாரம். நாங்கள் ஜெயித்தோம், ஆனால் பாண்டி இரண்டு இன்னிங்சிலும் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. இறுதி ஆட்டம் இரண்டு வாரம் கழித்து மதுரையில். ஆட்டம் முடிந்த சாயங்காலமே பரோட்டாக் கடையில் கூடினோம். பாய், மின்வாரியத்தில் வேலை பார்த்த கேப்டன் செல்வம், ஸ்கோர் நோட்டோடு நான். கல்லில் பரோட்டாவை அடிக்கும் சத்தத்துக்கு மேலே கேப்டன் குரல் கேட்டது.

"நோட்டப் பாருங்க பாய். கடைசி அஞ்சு ஆட்டத்துல ஒண்ணும் இல்ல. தூக்கித்தான் ஆகணும்."

பாய் நோட்டைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"நோட்டு கெடக்கட்டும். ஏன் தம்பி, அவனுக்கு வீட்ல ஏதும் கஷ்டமா? நீதான அவன் கூட்டாளி. ஒனக்குத் தெரியாம இருக்காதே."

நோட்டை மூடி வைத்தேன். பிறகு, "எனக்கு ஒண்ணும் தெரியல பாய்" என்றேன்.

வாக்குக் கொடுத்திருந்தேன் என்பது உண்மை. வாக்கைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்பது உண்மையில்லை. கேப்டன், "அப்ப யாரு எறங்குறது?" என்று கேட்கப்போகிறார் என்று எனக்குத் தெரியும். கேட்டார். நான் பரோட்டாவைப் பிய்ப்பதில் மும்முரமாக இருந்தேன். இரண்டு பேரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

பாண்டியிடம் சொல்லும் வேலையும் நண்பன் என்பதால் எனக்கே வந்தது. மதுரை பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டிருந்தான். சொன்னதும், "யாரு எறங்குறா?" என்றான்.

"நான்தான்."

கொஞ்ச நேரம் என் சட்டைப் பித்தானையே பார்த்தான். பிறகு சிரித்தான். "நல்லதுலே. மேட்டுல பந்து எந்திரிக்கும். மொதப் பத்து ஓவர் அவசரப்படாத. அம்புட்டுதான்." பஸ் வந்தது, ஏறிப்போனான். கண்டக்டர் விசில் ஊதி பஸ் திரும்பும்வரை நான் அங்கேயே நின்றேன்.

இறுதி ஆட்டத்தில் நான் ஒரு ரன்கூட எடுக்காமல் டக் அவுட் ஆனேன் என்று சொல்ல முடிந்தால் நன்றாக இருக்கும். கதைக்கும் பொருத்தம். ஆனால் நான் நன்றாகவே ஆடினேன். அதுதான் சங்கடம். அவன் சொன்னபடியே அவசரப்படாமல் நின்று, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகும் ஆடி, நாற்பதுக்கு மேல் எடுத்தேன். ஜெயித்தோம். கேப்டன் என்னைத் தூக்கிச் சுற்றி, "செலக்‌ஷன்னா இதுதான்டா செலக்‌ஷன்!" என்று கத்தினார். பாய் என் தோளைத் தட்டினார்.

அதே ஞாயிற்றுக்கிழமை, அதே ஊரில், மைதானத்துக்கு மூன்று பஸ் ஸ்டாப் தள்ளி, பாண்டிக்குக் குறைமாதத்தில் பெண் பிறந்தது. தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. எனக்கு அது தெரிய பத்து நாள் ஆயிற்று. பாண்டி அதற்குப் பிறகு ஆட வரவில்லை. கத்தரிக் காடு, பிள்ளை என்று இருந்துவிட்டான். எனக்கும் போய்ப் பார்க்க முகமில்லை. மண்டியில் இன்னும் நாலு வருஷம் வேலை பார்த்தேன். பாய் என்னிடம் எப்போதும்போலத்தான் இருந்தார். செலக்‌ஷன் கூட்டத்துக்கு மட்டும் என்னைக் கூப்பிடுவதில்லை. நான் இப்போது ஆடுகிறவன், அதனால் கூப்பிடவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால், அன்று பிறந்த அந்தப் பெண்ணின் கல்யாணம், தாடிக்கொம்பில் பெருமாள் கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில். எப்படியோ என் நம்பரைத் தேடிப்பிடித்துப் பாண்டி கூப்பிட்டிருந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. பந்தி நடக்கும் இடத்துக்கு வெளியே ஒதுங்கி நின்றோம். இருபத்தைந்து வருஷமாக மனசுக்குள் எழுதி எழுதி அடித்ததை நான் சொல்ல ஆரம்பித்தேன். அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"தெரியும்லே. புள்ளையப் பாக்க வந்தப்பவே பாய் சொல்லிட்டாரு. 'கேட்டேனப்பா, ஒன் கூட்டாளி தெரியலன்னுட்டானே'ன்னு."

"தெரிஞ்சுமா என்னையக் கூப்ட்ட?" என்றேன்.

"டீம்ல இருந்திருந்தா அன்னைக்கு அவ பக்கத்துல நான் இருந்திருக்க மாட்டேன். அதுக்கு ஒன்னையக் கும்புடணும்" என்றான். அப்புறம், மண்டப வாசலில் ஓடிய பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே, "நான்தான் சொல்லாதன்னேன். ஆனாலும் நீ சொல்லிருவன்னு நெனச்சேன்" என்றான்.

போட்டோவுக்கு வரச்சொல்லி உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். "வாரேன். சாப்ட்டுட்டுத்தான் போகணும்" என்று வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு போனான். சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை.

ஆக, பாய்க்கும் தெரிந்திருக்கிறது. நாலு வருஷம் தினமும் என் முகத்தைப் பார்த்து, தெரியாதவர்போலவே டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லலாம் என்றால் அவர் மவுத்தாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. மண்டி இருந்த இடத்தில் செல்போன் கடை. மேட்டைக் கரையான் தின்றுவிட்டது என்று யாரோ சொன்னார்கள். பரோட்டாக் கடையின் மேல் மேம்பாலம் போகிறது. செல்வம் மகனோடு வெளியூர் போய்விட்டார்.

கல்யாணத்திலிருந்து திரும்பும்போது எங்கள் பழைய மைதானம் இருந்த பக்கம் ஆட்டோவை விடச்சொன்னேன். பிளாட் போட்டு, மஞ்சள் கல் நட்டு, பாதி வீடு எழும்பிவிட்டது. பிட்ச் எந்த இடம் என்று பார்க்க, ஓரத்தில் இன்னும் நின்ற பழைய வேப்பமரத்திலிருந்து காலால் அளந்துகொண்டே நடந்தேன். அளவு ஒரு வீட்டுச் சுவரில் போய் முட்டியது. ஜன்னலில் ஒரு அம்மா எட்டிப்பார்த்து, "யார் வேணும்?" என்றார்கள். யாருமில்லை என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினேன்.