டிக்கெட் கிழிப்பவர்

ராஜபாளையத்தில் நான் படம் பார்க்கும் தியேட்டரில் டிக்கெட் கிழிப்பவர் ஒல்லியானவர். எந்த வெயிலிலும் சட்டையைக் கழுத்துப் பொத்தான் வரை போட்டிருப்பார். ஒவ்வொரு டிக்கெட்டையும் மடித்து, நகத்தால் அழுத்திக் கீறிய பிறகே கிழிப்பார்.

போன மாதம் ஒரு பழிவாங்கும் படம். பகல் காட்சி முடிந்து வெளியே வந்ததும் அவரிடம் குறை சொன்னேன்.

“மகனக் கொன்னவனக் கடைசில சும்மா விட்டுட்டுப் போறான். ரோஷம் உள்ள அப்பன் விடுவானா? நம்புற மாதிரியே இல்ல.”

“எம்மவன் மேல குடிச்சிட்டு லாரிய ஏத்துனவன் இங்கதான் படம் பாக்க வாரான் சார். நாந்தான் டிக்கெட் கிழிச்சுக் குடுக்கேன்.”

“எப்படிங்க முடியுது?”

“அவன் கையப் புடிச்சுக்கிட்டு அவன் மகளும்ல வருது.”

நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு, பிடிக்காத அதே படத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மறுபடியும் பஸ் ஏறினேன். முக்கால் மணி நேரம் முன்பே போய் வாசலுக்கு எதிரே நின்றுகொண்டேன். மகளோடு வந்த ஒவ்வொரு ஆளின் முகத்தையும் பார்த்தேன். உடனே இவர் முகத்தையும் பார்த்தேன்.

கூட்டம் முழுதும் உள்ளே போன பின் என் டிக்கெட்டை நீட்டினேன். அவர் நிமிராமலே வாங்கிக்கொண்டார்.

“அவன் இன்னைக்கு வரல சார். நீங்க உள்ள போய்ப் படத்தப் பாருங்க.”