வலிக்காத அக்காவின் கோப்பை

வெந்நீரை ஊற்றிக் கோப்பையைச் சூடாக்கி, அந்த நீரைத் தொட்டியில் கொட்டிவிட்டு, சூடு ஆறுவதற்குள் தேநீரை வடிகட்டுகிறார் அக்கா. விளிம்பில் ஓடும் நீலக் கோட்டைத் தொடும்வரை ஊற்றுவதுதான் அவர் வழக்கம். இன்று கோட்டுக்கு வெகு கீழேயே கை நின்றுவிடுகிறது. கோப்பையைச் சாசரோடு தூக்கிக்கொண்டு சமையலறையிலிருந்து முன்னறை ஜன்னலுக்கு நடக்கிறார். பார்வை பாதையில் இல்லை, சாசரிலேயே இருக்கிறது. ஜன்னல் பலகையில் வைத்துவிட்டுக் குனிந்து பார்க்கிறார். சாசரில் ஒரு சொட்டுகூட இல்லை. "சரி, போலாம்" என்று தனக்கே சொல்லிக்கொண்டு கைப்பையை எடுக்கிறார். தேநீரை அவர் தொடவில்லை. அது அங்கேயே ஏடு கட்டத் தொடங்குகிறது.

ஒரு காலத்தில் இந்த நடை வெறும் சுகத்துக்காக இருந்தது. மெல்லிய வெள்ளைப் பீங்கான் கோப்பை அது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பின்னால் இருக்கும் விரல்களின் நிழல் தெரியும். ஆறாக வாங்கியவற்றில் மிஞ்சியவை இரண்டுதான். ஒன்று வீட்டில், இன்னொன்று வேலையிடத்தில். ஜன்னலோரம் நின்று சாசரை இடக்கையில் தாங்கி, கண்ணை மூடிக்கொண்டு முதல் வாய் உறிஞ்சுவார். "அது உள்ள இறங்கற வரைக்கும் வீடு தீப்பிடிச்சாலும் என்கிட்ட சொல்லக் கூடாது" என்பது சட்டம். பள்ளிப் பேருந்து ஓட்டும் கணவர், சட்டையைத் தேடியபடி, "அப்ப நான் சத்தம் போடாம வெந்துக்கணுமா?" என்பார். "ஆமா. டீ முடிஞ்சதும் வந்து அணைக்கறேன்."

அக்காவின் வேலை ரத்தம் எடுப்பது. மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத பரிசோதனைக் கூடம். 'வலிக்காத அக்கா' என்று பெயர் வைத்தவர்கள் குழந்தைகள். பெரியவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். "வலிக்காத அக்கா இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் சிலர் டோக்கனே வாங்குவார்கள். ரப்பர் பட்டையைக் கட்டி, முழங்கை மடிப்பை விரலால் தட்டிக்கொண்டே, "காலைல என்ன சாப்பிட்டீங்க?" என்று அதட்டலாகக் கேட்பார். வெறும் வயிற்றோடு வந்த மனிதர் பதறிப்போய், "ஐயோ, ஒண்ணும் சாப்பிடலைங்க" என்று சத்தியம் செய்து முடிப்பதற்குள் டியூப் நிறைந்திருக்கும். பஞ்சை அழுத்தும்போது, "எப்ப குத்தினீங்க?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகவே அவர் வேலைக்கு வருவதுபோல் இருக்கும், அப்போது முகத்தில் வரும் சிரிப்பு.

கூடத்தில் எல்லோருக்கும் காகிதக் கப்பில் தேநீர் வரும். அக்காவுக்கு மட்டும் அவருடைய நீலக்கோட்டுக் கோப்பை. "இந்தக் காகிதக் கப்புக்கும் நாம யூரின் பிடிக்கக் குடுக்கற டப்பாவுக்கும் என்னடி வித்தியாசம்?" என்று முன்மேசைப் பெண்ணைச் சீண்டுவார். மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்தே உட்கார்ந்திருக்கும் பரிசோதகரை அதைவிட மோசமாக ஓட்டுவார். அந்தச் சோம்பேறி, நிரம்பிய கப்பைத் தூக்காமல், மேசையிலேயே விட்டுக் குனிந்து உறிஞ்சுவார். "கை எதுக்குப்பா இருக்கு? தொட்டியில மாடு குடிக்கற மாதிரி. டீக்கு ஒரு மரியாதை வேண்டாம்?" பரிசோதகர் தலையைத் தூக்காமலே, "மாட்டுப் பால்தானே அக்கா" என்பார்.

முதலில் அது சத்தமாகத்தான் வந்தது. ஒரு நாள் பிற்பகல், முன்மேசைப் பெண் கணினியிலிருந்து திரும்பி, "அக்கா, உங்க போன் மேசைல அதிருது பாருங்க" என்றாள். அக்காவின் போன் பைக்குள் இருந்தது. அதிர்ந்தது, அவர் கை பிடித்திருந்த சாசரின்மேல் கோப்பை. சட்டென்று அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "வீட்டுக்காரரா இருக்கும், அப்புறம் பேசிக்கறேன்" என்றார். மறுநாளிலிருந்து சாசரில், கோப்பைக்கு அடியில், காயத்துக்கு வைக்கும் வெள்ளைத் துணி ஒன்று நான்காக மடித்து உட்கார்ந்தது. யாரும் கேட்காதபோதே, "சூடு மேசையில இறங்காது" என்று விளக்கம் சொன்னார்.

காலை நடை சோதனையாக மாறியது அதற்குப் பிறகுதான். நிறையத் தேநீரோடு சொட்டுச் சிந்தாமல் ஜன்னலை எட்டினால் இன்று ஊசி பிடிக்கலாம் என்று ஒரு கணக்கு. சில வாரங்கள் எட்டினார். ஒரு நாள் சாசரில் பழுப்பாய் ஒரு வட்டம் தேங்கியது. மறுநாள் கொஞ்சம் குறைத்து ஊற்றினார். அதிலும் சிந்தவே, இன்னும் கொஞ்சம். ஊருக்கெல்லாம் ரத்தத்தை அளந்து எடுக்கிறவருக்கு, தான் செய்வது ஏமாற்று என்று தெரியாமல் இல்லை. தெரிந்துதான் ஊற்றினார். தேர்வு எழுதுகிறவரும் அவரே, வினாத்தாளைச் சுலபமாக்கிக்கொள்கிறவரும் அவரே. குடிப்பது மட்டும் எப்போதோ நின்றுவிட்டது.

கணவர் கண்டுபிடித்தாரா என்று தெரியாது. ஒரு மாலை, மூடி போட்ட தடிமனான ஒரு குவளையை வாங்கி வந்து நீட்டினார். "பஸ்ல டீச்சருங்க எல்லாம் இதுதான் வச்சிருக்காங்க. எவ்வளவு ஆட்டினாலும் கொட்டாதாம்."

"கொட்டுமா கொட்டாதான்னு உங்ககிட்ட யாரு கேட்டா?"

"இல்லம்மா, சும்மா பார்த்தேன்..."

"நான் எப்பக் கொட்டினேன்?"

அவர் மூடியைத் திருகித் திறந்தார், மறுபடி மூடினார். அன்று இரவே குவளை பரண்மேல், கிழிந்த குடைகளுக்குப் பின்னால் போயிற்று.

மாடிக்குப் போனால் நரம்பு மருத்துவர் இருக்கிறார். அக்காவைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பழக்கம். ஆனால் அக்கா மாடிப் படிக்கட்டுப் பக்கம் போவதில்லை. மாடியிலிருந்து சீட்டோடு இறங்கிவரும் முகங்களை அவர் நிறையப் பார்த்துவிட்டார். "பேரு தெரியாத வரைக்கும் வியாதி விருந்தாளி. பேரு வச்சிட்டா அப்புறம் வீட்டோட தங்கிடும்" என்று யாரோ ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்வதுபோல் முன்மேசைப் பெண்ணிடம் ஒருமுறை சொன்னார். அவள் மேசையிலிருந்த ஸ்டேப்ளரை எடுத்து, வைத்தாள்.

இன்று, காலைக் கூட்டம் வடியும் நேரத்தில், மாதாமாதம் வரும் சிறுமி வருகிறாள். வந்ததுமே நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, தானாகவே சட்டைக் கையை மேலேற்றுகிறாள். "இன்னிக்கு நான் கண்ணை மூடமாட்டேன். பார்த்துக்கிட்டே இருப்பேன்."

"பாரேன். உனக்கென்ன, நீ பெரிய ஆளு. காலைல என்ன சாப்பிட்ட?"

"பொய்! அப்படிக் கேட்டுக் குத்திடுவீங்க. எனக்குத் தெரியும்."

அக்கா சிரிக்கிறார். ஊசியின் முனை தோலுக்கு மேல் இடம் பிடிக்காமல் அலைகிறது. இடக்கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு குத்துகிறார். ரத்தம் வரவில்லை. பஞ்சை அழுத்திவிட்டு அடுத்த கை. அதிலும் தவறி, தோலுக்கடியில் நீலமாய் ஒரு வீக்கம் எழும்புகிறது. சிறுமி அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அக்காவின் முகத்தையே பார்க்கிறாள்.

"பரவாயில்ல அக்கா" என்று அவசரமாகச் சொல்கிறாள் தாய். "இவ நரம்பே அப்படித்தான், ஒளிஞ்சுக்கும்."

இத்தனை மாதங்களில் அந்த நரம்பு ஒருநாளும் ஒளிந்ததில்லை. மூவருக்கும் அது தெரியும்.

சிறுமி தாயின் பக்கம் சாய்ந்து, ரகசியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு உரக்கவே சொல்கிறாள்: "அம்மா, இவங்க அவங்களை மாதிரியே இருக்காங்க. ஆனா அவங்க இல்ல."

மைக்ரோஸ்கோப்பிலிருந்து பரிசோதகர் எழுந்து வருகிறார். கையுறையை மாட்டிக்கொண்டு, புது ஊசி ஒன்றைப் பிரிக்கிறார். அக்காவின் முகத்தைப் பார்க்காமல், "தள்ளிக்குங்க அக்கா, நான் எடுத்துக்கறேன். உங்க டீ வந்துடுச்சு" என்கிறார்.

பின்னறை மேசையில் தேநீர் இருக்கிறது. முன்மேசைப் பெண் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள், எப்போதும்போல் நீலக் கோட்டைத் தொடும் அளவுக்கு. கோப்பைக்கு அடியில் அந்த வெள்ளைத் துணி, நான்காக மடித்து, ஓரம் ஓரத்தோடு பொருந்த. அதை வைக்கச் சொல்லி அக்கா அவளிடம் கேட்டதே இல்லை.

அக்கா உட்கார்கிறார். ஆவி மேலே போவதைக் கொஞ்ச நேரம் பார்க்கிறார். பிடியருகே கொண்டுபோன கையைப் பாதியிலேயே இழுத்துக்கொள்கிறார். கதவுக்கு அப்பால் சிறுமி "ஆ!" என்கிறாள், "முடிஞ்சுது, முடிஞ்சுது" என்கிறது பரிசோதகரின் குரல். அக்கா எழுந்து கதவைச் சாத்திவிட்டு வருகிறார். இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்து அழுத்திக்கொள்கிறார். பிறகு மெல்லக் குனிந்து, மேசைமேல் அசையாமல் நிற்கும் கோப்பையின் நீலக் கோட்டில் உதட்டை வைக்கிறார்.