ஆட்டுமந்தை மறித்த சாலை

முதுகில் அந்த அடி விழுந்தது பயணத்தின் மூன்றாம் நாள் காலையில். அதற்கு முன்பே சாலை எங்களைப் போதுமான அளவு அடித்திருந்தது.

நானும் என் கணவரின் தங்கையும் மட்டும்தான் கிளம்பியிருந்தோம். எனக்கு நாற்பத்தொன்று, அவளுக்கு முப்பத்திரண்டு. நான் காரைக்குடியில் கணக்கு டீச்சர். அவள் செக்காலை ரோட்டில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். கல்லூரியில் கபடி ஆடியவள். கல்யாணமாகி ஐந்து வருடம் வெளியூரில் இருந்துவிட்டு, ஏழு வருடத்துக்கு முன்பு ஒரு நாள் மணிக்கட்டு உடைந்த கையோடு கோட்டையூரில் எங்கள் வீட்டு வாசலில் ஆட்டோவில் வந்து இறங்கினாள். "விழுந்துட்டேன்" என்றாள். யாரும் நம்பவில்லை. நான் உட்பட யாரும் மேற்கொண்டு கேட்கவும் இல்லை. அவள் திரும்பிப் போகவில்லை.

கை சரியானதும் சைக்கிள் ஆசையை ஆரம்பித்தது அவள்தான். விடுமுறைக் காலைகளில் நேமத்தான்பட்டி வரை போய் வந்து கொண்டிருந்தோம். இந்த வருடம் கடல் வரைக்கும் போகலாம் என்றாள். அறந்தாங்கி வழியாகக் கடற்கரைச் சாலையைப் பிடித்து, மீமிசல், தொண்டி என்று கீழே இறங்கி, திருவாடானை, தேவகோட்டை வழியாகத் திரும்புவது. மூன்று நாள்.

எங்கள் பக்கத்துக் கடற்கரையில் மலை கிடையாது. ஓடைகள் கடலில் சேரும் இடங்களில் உள்ள பாலங்கள்தான் ஏற்றம். அதில் ஏறும்போது காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். முதல் நாள் ஒரு மீன் காயப்போடும் இடத்தில் நான்கு நாய்கள் துரத்தின. ஒன்று அவள் ஷூவைக் கவ்வியது. அவள் சைக்கிளை நிறுத்தாமலே அதன் முகத்தில் உதைத்தாள். இரண்டாம் நாள் மீன் லாரி ஒன்று என்னைச் சாலையை விட்டே தள்ளியது. கருவேல முள்ளில் விழுந்து எழுந்தேன். அன்று தொண்டி லாட்ஜில் என் முழங்கையிலிருந்து அவள் முள் எடுத்தாள். "அழுகாதீக மதினி, இன்னும் ரெண்டுதான்" என்றபடி ஏழு எடுத்தாள்.

மூன்றாம் நாள் திருவாடானையைத் தாண்டி வந்துகொண்டிருந்தோம். வெயில் ஏறியிருந்தது. அவள் எனக்கு முன்னால் நூறடி தள்ளிப் போனாள். பின்னாலிருந்து ஒரு பைக் வந்து என் பக்கத்தில் மெதுவானது. முப்பது வயதிருக்கும். சட்டையில் கிரீஸ் கறை. என் காலைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னான், எழுத மாட்டேன். நான் வேகமாக மிதித்தேன். முன்னால் போனான், திரும்பினான், மறுபடி பின்னாலிருந்து வந்தான். இந்த முறை கையை ஓங்கி என் முதுகில் அறைந்தான். அறைந்த கை அப்படியே கீழே இறங்கிப் பிடித்துத் திருகியது. நான் சரளைக் கல்லில் விழுந்தேன். ஹெல்மெட் தரையில் மோதிய சத்தம் மண்டைக்குள் கேட்டது.

அவள் திரும்பிப் பார்த்தபோது அவன் சிரித்துக்கொண்டே அவளையும் கடந்து போனான். அவன் திரும்பித் திரும்பி என்னையே பார்த்ததால், எதிரே ஆட்டுமந்தை ஒன்று சாலையைக் கடப்பதைக் கவனிக்கவில்லை. கடைசி நொடியில் பிரேக் பிடித்தான். பைக் சறுக்கி ஆடுகளுக்கு நடுவே நின்றது. அதற்குள் அவள் அவனை எட்டிவிட்டாள். சைக்கிளை அப்படியே அவன் மேல் விட்டாள். இரண்டு வண்டியும் அவனும் அவளும் ஒன்றாகச் சாய்ந்தார்கள்.

நான் நொண்டிக்கொண்டு ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது அவள் அவன் நெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கையில் சைக்கிள் பம்ப். அதைக் கொண்டு அவன் தோளில், கன்னத்தில், தடுக்க வந்த கையில் அடித்துக்கொண்டிருந்தாள். ஆடுகள் கத்திக்கொண்டு சிதறின.

"இன்னொருக்கா கை வைப்பியா? இன்னொருக்கா வைப்பியா?"

அவளை இழுத்துவிட நினைத்துத்தான் போனேன். அது சத்தியம். ஆனால் அவன் வலது கை அவள் தலைமுடியைப் பற்றியதும், அந்தக் கையை என் ஷூவால் தரையோடு மிதித்தேன். முழு எடையையும் போட்டு மிதித்தேன். அவன் அலறியபோது எனக்கு நன்றாக இருந்தது.

சற்றுத் தள்ளியிருந்த டீக்கடையிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். ஆறேழு பேர். எங்களை ஒதுக்கிவிட்டு அவர்கள் ஆரம்பித்தார்கள். ஒருவர் விறகுக்கட்டையோடு வந்தார். செருப்புக்காலால் முகத்தில் மிதித்தார்கள். "பொம்பளைக மேல கை வைக்கிறியாடா" என்று ஒருவர் வயிற்றில் உதைத்தார். உதைத்து முடித்துவிட்டு மூச்சு வாங்க என் பக்கம் திரும்பி, "என்னம்மா செஞ்சான்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியில்தான் எனக்கு விளங்கியது. அவர்கள் யாருமே எதையும் பார்த்திருக்கவில்லை. தரையில் கிடந்தவன் வாயிலிருந்து ரத்தத்தோடு ஒரு பல் வெளியே வந்தது. அவன் தலையைக் கையால் மூடிக்கொண்டு சுருண்டிருந்தான்.

"நிறுத்துங்க!" என்று கத்தினேன். வகுப்பில் கத்துகிற குரல். யாரும் கேட்கவில்லை. விறகுக்கட்டை மறுபடி ஓங்கியது. அப்போது அவள் உள்ளே புகுந்து அவனுக்கு இரண்டு பக்கமும் கால் ஊன்றி நின்றாள். வளைந்துபோன பம்பைத் தூக்கினாள்.

"அடிக்க வேண்டியவுக நாங்க. அடிச்சாச்சு. இனி யாராச்சும் இவன் மேல கை வச்சீக, உங்களுக்கும் இதான்."

"உங்களுக்காகத்தானம்மா அடிக்கிறோம்!"

"எங்களுக்காகவா? அப்ப அங்குட்டுப் போய் ஆம்புலன்ஸுக்குப் போன் போடுங்க."

கட்டை வைத்திருந்தவர் கையைத் தாழ்த்தினார். பிறகு காறித் துப்பிவிட்டு நகர்ந்தார்.

ஆஸ்பத்திரியில் எனக்கு முழங்காலில் தையல் போட்டார்கள். அவளுக்கு வலது கை விரல் ஒன்றில் எலும்பு விரிசல். அவனுக்கு விலா எலும்பும் என் ஷூவுக்குக் கீழே இருந்த இரண்டு விரல்களும் முறிந்திருந்தன. போலீஸ்காரர் வந்தார். நாங்கள் புகார் சொல்ல அவர் எழுதினார். நாங்கள் அடித்ததையும் எழுதுங்கள் என்றேன். அவர் பேனாவை நிறுத்திவிட்டு, "அதெல்லாம் எதுக்கு டீச்சர்?" என்றார். நான் வற்புறுத்திய பிறகு ஒரு வரி சேர்த்தார்.

மதியம் அவன் மனைவி வந்தாள். இடுப்பில் ஒரு கைக்குழந்தை. நர்ஸிடம் ஏதோ கேட்டுவிட்டு நேராக எங்கள் பெஞ்சுக்கு வந்தாள்.

"யாரு அடிச்சது?"

"நான்தான்" என்றாள் இவள். "இவுகளை ரோட்ல வச்சுக் கேவலமாத் தொட்டான். கீழ தள்ளிவிட்டான்."

அந்தப் பெண் என் முழங்கால் கட்டைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை. "செஞ்சிருப்பாரு" என்றாள். குழந்தையை இன்னொரு இடுப்புக்கு மாற்றினாள். "நீங்க அடிச்சுட்டு ஊருக்குப் போயிருவீக. கட்டுப் பிரிச்சதும் இந்த அடியெல்லாம் எனக்குத்தானே வரும்."

இவள் எழுந்து அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தாள். "எனக்கும் வந்துச்சு. கையை ஒடைச்சான். வந்துட்டேன்" என்றாள். ஏழு வருடத்தில் இவள் அதை வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான். குழந்தை இவள் விரல் கட்டைப் பிடித்து இழுத்தது. இவள் தன் போன் நம்பரை ஒரு மருந்துச் சீட்டின் பின்புறம் எழுதி அந்தப் பெண்ணிடம் கொடுத்தாள். அவள் வாங்கி, மடித்து, ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஊருக்கு மினி லாரியில் திரும்பினோம். சைக்கிள்கள் பின்னால் கிடந்து குலுங்கின. "அன்னைக்கே உன்னையக் கேட்டிருக்கணும்" என்றேன். அவள், "கேட்டிருந்தா சொல்லியிருக்க மாட்டேன் மதினி. ஆனாலும் கேட்டிருக்கலாம்" என்றாள்.

போன் வரவில்லை. ஐந்து வாரம் கழித்து, விரல் சரியானதும், புகாரில் இருந்த விலாசத்தைத் தேடி இரண்டு பேரும் போனோம். வீடு பூட்டியிருந்தது. அவன் ஜாமீனில் வந்து பட்டறைக்கு வேலைக்குப் போகிறான் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். மனைவியும் குழந்தையும் எங்கே என்று கேட்டோம்.

"அவரு ஆஸ்பத்திரியில கெடக்கும்போதே அந்தப் பொண்ணு பிள்ளையத் தூக்கிக்கிட்டுப் பஸ் ஏறிருச்சு. எந்த ஊருன்னு யாருட்டயும் சொல்லல. அவரு தேடிக்கிட்டுத்தான் இருக்காரு."

இவள் அவரைப் பார்த்து, "நாங்க வந்தோம்னு அவன்கிட்டச் சொல்லாதீக" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினாள்.