அப்பாவுக்கு வங்காளம் மறந்த நாள்

சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் வேலை பார்த்த என் அப்பா, வங்காளிகளையே வங்காளத்தில் மடக்கிவிடக்கூடியவர். அப்படிப்பட்டவருக்கு, கல்கத்தா ஆஸ்பத்திரி ஒன்றில் குடல் ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது அந்த மொழி சுத்தமாக மறந்துபோயிருந்தது. தமிழில் மட்டுமே முனகினார். வயிற்றுக் கட்டைப் பிய்க்கப் போகிறார் என்று சிஸ்டர்கள் அவர் கைகளைத் துணியால் கட்டிலோடு கட்டிவிட்டார்கள். மயக்கத்தில் உளறுகிறார், ஊசி போட்டுத் தூங்கவைக்கலாம் என்பது அவர்கள் முடிவு.

ஆபரேஷன் செய்த டாக்டர்பாபு ஒரு முசுடு. அந்த முசுடை நான் இன்றும் மனதுக்குள் கையெடுத்துக் கும்பிடுகிறேன். நாடித்துடிப்பு ஏறிக்கொண்டே போனது அவருக்குப் பிடிக்கவில்லை. உளறலோ என்னவோ, இவர் சொல்வது புரியாமல் ஊசி கிடையாது என்று நின்றுவிட்டார். அம்மாவின் வங்காளமோ கத்தரிக்காய் பேரத்தோடு சரி. ஆகவே, குழந்தைகளை விடாத ஐசியூவுக்குள் நாலாம் வகுப்புக்காரியான என்னை அவரே கையைப் பிடித்து அழைத்துப் போனார்.

மூக்கில் குழாயோடு அப்பாவைப் பார்த்ததும் எனக்கும் வங்காளம் மறந்துவிடும் போலிருந்தது. டாக்டர்பாபு குனிந்து, அவர் சொல்வதை அப்படியே சொல்லு, ஒன்றும் சேர்க்காதே என்றார்.

“வலப்பக்கம் சுடச்சுட ஊறுது பிள்ள. முதுகுக்கு அடியில போகுது. யாரும் பாக்க மாட்டேங்காங்க.”

சொன்னேன். கட்டு மேலே காய்ந்துதான் இருந்தது. டாக்டர்பாபு முதுகுக்கு அடியில் கைவிட்டார். பச்சையும் மஞ்சளுமாய் நனைந்து வந்தது. உள்தையல் விட்டுப்போயிருந்தது. உடனே தியேட்டரைத் தயார் செய்யச் சொன்னார்.

ஸ்ட்ரெச்சருக்கு மாற்றும்போது அப்பா மறுபடி என்னைக் கூப்பிட்டார்.

“பீரோ சாவி அரிசி டப்பாக்குள்ள கிடக்கு. இன்சூரன்ஸ் பேப்பர் எல்லாம் பீரோல இருக்கு. அம்மாட்ட சொல்லிரு.”

டாக்டர்பாபு என்னைப் பார்த்தார். இது எங்கள் வீட்டு விஷயம் என்றேன் கௌரவமாக. அவர் என் தலையில் கை வைத்துவிட்டு ஸ்ட்ரெச்சரின் பின்னாலேயே ஓடினார்.

அப்பா பிழைத்தார். டாக்டர்பாபுவோடு வங்காளத்தில் சண்டை போடும் அளவுக்குத் தேறினார். அதெல்லாம் பிறகு.

தியேட்டர் கதவு மூடியதும் நான் வராந்தாவுக்கு ஓடி அம்மாவிடம் சாவி விஷயத்தைச் சொன்னேன். சாவியை அரிசி டப்பாவில் போட்டு வைப்பதே அம்மாதான். தெரிந்த விஷயத்துக்கு ஏன் சுவரோரம் சரிந்து உட்கார்ந்து அப்படி அழுதாள் என்று எனக்குப் புரியவில்லை. ஒளித்துவைத்த இடம் வெளியே தெரிந்துவிட்டதே என்ற கவலையாக இருக்கும் என்று நினைத்து, “டாக்டர்ட்ட அத மட்டும் சொல்லலம்மா” என்று சமாதானப்படுத்தினேன்.