அக்கா வைத்த உருண்டைச் சூப்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால், கம்பம் ஊரில் பலரும் இன்னும் விசாரிக்கும் அந்தக் கோழிச் சூப்பில்தான் தம்பியாகிய எனக்கு நினைவு போய் நிற்கிறது.

அக்கா பிறந்தது வருசநாட்டில். எங்கள் தாயார் சீக்கிரமே காலமானதால் பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்டு என்னை வளர்த்தார். கம்பத்தில் ஜீப் ஓட்டிய மாமாவுக்கு வாழ்க்கைப்பட்டார். குழந்தை இல்லை என்ற குறையை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. விடியலில் மாமா ஏலத்தோட்டத்து வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு கேரளா போவார். அக்கா திராட்சைத் தோட்டத்துக்குப் போவார்.

ஒரு மழைக்காலத்தில், குமுளி மலைப்பாதையில் அந்த ஜீப் கவிழ்ந்தது. யார் உயிருக்கும் ஆபத்தில்லை. ஜீப்பில் வந்த ஒரு பெண்ணுக்குக் கை முறிந்தது, சிலருக்குக் காயம். மாமாவுக்குத் தாடை உடைந்தது. மதுரை மருத்துவமனையில் பற்களைக் கம்பியால் சேர்த்துக் கட்டி அனுப்பினார்கள். பாலையும் கஞ்சித் தண்ணீரையும் உறிஞ்சியே மாமா எலும்பும் தோலுமானார். அக்காவாலோ வேலைக்குப் போகாமல் இருக்க முடியாது.

அப்போது சிங்கப்பூரில் வேலை பார்த்த நான், விடுப்பில் வரும்போது மெதுவாக வேகவைக்கும் மின்சாரச் சட்டி ஒன்றைக் கொண்டுவந்தேன். என் அறை நண்பர் ஒருவர் அதில் மைதா மாவுருண்டை போட்டுக் கெட்டியான கோழிச் சூப் வைப்பார். அதன் பக்குவத்தை அக்காவிடம் சொல்லிவிட்டுத் திரும்பினேன். அடுத்த வாரமே தொலைபேசியில் அழைத்தார்.

“தம்பி, இது கொதிக்கவே மாட்டேங்குதுடா. கெட்டுப்போச்சா?”

“சும்மா சும்மா மூடியத் தெறக்குறியாக்கா?”

“தெறக்காம வெந்துச்சான்னு எப்படிப் பாக்குறது?”

“காலையில மூடுனா சாயங்காலம்தேன் தெறக்கணும்.”

அதன்பின் அக்காவே ஒரு முறையை வகுத்துக்கொண்டார். நாட்டுக்கோழித் துண்டுகளை எலும்போடு போட்டு, சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு, மிளகு, சீரகம், மஞ்சள் சேர்த்துத் தண்ணீர் ஊற்றி மூடிவிட்டு வேலைக்குப் போவார். திரும்பும்போது கறி எலும்பை விட்டுக் கழன்றிருக்கும். கடைசியில் கெட்டித் தேங்காய்ப்பால் விட்டு, வடிகட்டி மாமாவுக்குக் கொடுப்பார். அவர் உடம்பு மெல்லத் தேறியது.

கம்பியை அவிழ்த்த பிறகுதான் வேறொரு சிக்கல். மென்மையானதை மென்று பழகச் சொன்னார் மருத்துவர். மாமாவோ பயந்து வாயைத் திறக்கவே மறுத்தார். அக்கா பச்சரிசி மாவை வெந்நீரில் பிசைந்து, சுண்டைக்காய் அளவு உருட்டி, தேங்காய்ப்பால் விடுவதற்கு முன் சூப்பில் போட்டு வேகவிட்டார். மைதாவை அவர் தொடவில்லை. அப்போது மறுபடியும் விடுப்பில் வந்திருந்த நானும் பக்கத்தில் இருந்தேன்.

“வேணாம்டி, வலிக்கும்,” என்றார் மாமா.

“கடிக்கவா சொன்னேன்? நாக்குல வச்சு அமுக்குங்க. அம்புட்டுத்தேன்.”

மாமா கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை வாங்கினார். வெகுநேரம் கழித்து விழுங்கினார். பிறகு, “இன்னொண்ணு போடு,” என்றார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு கரண்டியைக் கழுவப் போனார். ஒரு மாதத்தில் மாமா தோசை தின்றார். பிறகு ஜீப்பும் ஓட்டினார்.

சென்ற ஆண்டு தோட்டத்திலேயே அக்காவுக்கு நெஞ்சுவலி வந்தது. தேனி மருத்துவமனையில், மாமா பக்கத்தில் இருக்கும்போதே மறுநாள் உயிர் பிரிந்தது.

கருமாதியன்று, கை முறிந்திருந்த அந்தப் பெண் வந்து மாமாவின் முன் உட்கார்ந்தார்.

“ஜீப்பு கவுந்தப்ப அக்கா எங்களத் தேடி வந்தாகண்ணே. அந்தச் சட்டியில வச்ச சூப்பு மொதல்ல எங்க வீட்டுக்குத்தேன் வரும். கை கூடுற வரைக்கும் வந்துச்சு. ஒங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்டாக. தெரிஞ்சா நீங்க மறுபடி வண்டியத் தொடவே பயப்படுவீகன்னு சொன்னாக.”

மாமா அன்றுதான் அதைக் கேள்விப்பட்டார். எழுந்து அந்தப் பெண்ணைக் கும்பிட்டார்.

அக்காவைத் தேனிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய ஜீப் ஓட்டுநர்களுக்கும், மருத்துவமனை ஊழியர்களுக்கும், எங்கள் வீட்டு வேலையைத் தம் வேலையாகப் பார்த்த அக்கம்பக்கத்தாருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். தம்மைக் கவிழ்த்த ஜீப்பிலேயே மறுபடியும் நம்பி ஏறிய அந்தப் பெண்களுக்கு, அக்காவின் சார்பில் எங்கள் வணக்கம்.