அக்கா வீட்டு வாசலில் ஆகாச கருடன்

விடுதியின் மதில் கண்ணிலிருந்து மறைந்த பிறகுதான் ஓட்டத்தை நிறுத்தி நடக்க ஆரம்பித்தேன். அழகர்கோவில் சாலையில் நல்ல வெயில். பின்னால் மதியச் சோற்று மணி அடித்தது. சாப்பிட்டுவிட்டு ஓடியிருக்கலாமே என்பதைத் தவிர வேறு வருத்தம் எதுவும் இல்லை. எட்டாம் வகுப்பு பாதியில் நின்றது அப்படித்தான். அதற்குப் பிறகு எத்தனையோ இடங்களை விட்டு நடந்திருக்கிறேன். அதுதான் முதல் நடை.

படிப்புக்குப் பயந்து கிளம்பவில்லை. ஒரு கிழங்கு வாங்கக் கிளம்பினேன்.

முந்தின நாள் செங்கல் சூளையிலிருந்து அம்மா போன் செய்திருந்தாள். "ஒங்க அக்கா வீட்டுல அந்தக் கருடன் முளைக்கவே இல்லையாம்டா. நம்ம பிள்ளையத் திருப்பி அனுப்பிருவாகளோன்னு பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினாள். போன் வார்டனுடையது. அதனால் அழுகையைக்கூடச் சுருக்கமாகத்தான் அழ முடிந்தது.

ஆகாச கருடன் என்பது வேலிக்காட்டில் கிடைக்கும் ஒரு கிழங்கு. மஞ்சள் குங்குமம் பூசி, கயிறு கட்டி, வாசல் நிலைக்கு மேலே தொங்கவிடுவார்கள். மண்ணும் தண்ணீரும் இல்லாமல் வெறும் காற்றைக் குடித்தே கொடி விடும். கொடி விட்டால் வீடு நன்றாக இருக்கிறது என்று பொருள். கிழங்கு வாடினால், வீட்டுக்கு வந்த கண்ணேற்றையோ செய்வினையையோ அது தன்மேல் வாங்கிக்கொண்டது என்று பொருள். அக்கா கல்யாணமாகிப் போன வீடு மேலூரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ஊரில் இருந்தது. அக்காவின் மாமியாரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். மருமகள் வந்த அன்றைக்கே அத்தை ஒரு கிழங்கை வாசலில் கட்டியிருந்தார். நாலு மாதம் ஆகியும் அது முளைக்கவில்லை, நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே போனது. வெள்ளிக்கிழமை குறி சொல்லும் கோடாங்கியை வரவழைத்து, இந்த வாசல் இந்தப் பெண்ணுக்கு ஆகுமா ஆகாதா என்று உடுக்கடித்துக் கேட்டுவிடுவது என்று முடிவாகியிருந்தது.

அதற்குள் வாசலில் ஒன்று முளைத்தாக வேண்டும். நான் போட்ட கணக்கு அவ்வளவுதான்.

மலையடிவாரத்தில் சாக்கை விரித்து மூலிகை விற்றுக்கொண்டிருந்தவர் என் யூனிபார்மை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன மாப்ள, வாத்தியாருக்கு வசியமா?"

கிழங்கு வேண்டும், காசு இல்லை, ஜாமெட்ரி பாக்ஸ் இருக்கிறது என்றேன். அவர் காம்பஸை எடுத்து, அதன் முள்ளால் தன் குதிகாலில் ஏறியிருந்த கருவேல முள்ளைக் கிளறி வெளியே எடுத்தார். முகம் மலர்ந்துவிட்டது. இருந்ததிலேயே பெரிய கிழங்கை, தலைமாட்டில் பச்சையாக ஒரு கண் விட்டிருந்ததைப் பொறுக்கிக் கொடுத்தார்.

"பிடுங்குறதுக்கு மின்னாடி மஞ்சக்கயிறு கட்டி, சூடம் காட்டி, மன்னிப்புக் கேட்டுத்தான் பிடுங்குனேன். வாசல்ல கட்டுற வரைக்கும் தரையில வச்சிராத. வச்சா அம்புட்டுச் சக்தியும் மண்ணுக்குள்ள போயிரும்."

மேலூர் பஸ்ஸில் கூட்டம். யூனிபார்ம் போட்டவனுக்கு டிக்கெட் கிடையாது. பையை மார்போடு அணைத்துக்கொண்டு கம்பியைப் பிடிக்காமல் நின்றேன். ஒவ்வொரு வளைவிலும் யார் மடியிலாவது விழுந்தேன்.

"பைய கீழ வைடா" என்றார் கண்டக்டர்.

"வைக்கக் கூடாதுண்ணே."

"உள்ள என்ன, பாம்பா?"

"பாம்பு வராம இருக்குறதுக்குண்ணே."

ஜன்னலோரம் இருந்தவர் எட்டிப் பார்த்து, "கருடனா! ஏப்பா, அந்தப் பிள்ளைக்கு இடம் விடுங்க" என்று எழுந்துகொண்டார். கிழங்குக்குக் கிடைத்த சீட்டில் நானும் உட்கார்ந்து போனேன். நான் இறங்கும்போது கண்டக்டரே பையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது அத்தை நூறு நாள் வேலைக்குப் போயிருந்தார், அக்கா குழாயடியில் இருந்தாள். திண்டாட வைத்தது ஒன்றே ஒன்றுதான். பழையதை அவிழ்க்க இரண்டு கையும் வேண்டும், புதியதையோ கீழே வைக்க முடியாது. சட்டைக்குள் விட்டு, டவுசரை இறுக்கிக்கொண்டு, ஆட்டுக்கல் மேல் ஏறினேன். பழைய கிழங்கு அழுகி, பிசுபிசுவென்று கையில் ஒட்டியது. புளித்த கஞ்சி வாடை அடித்தது. அக்கா மேல் விழுந்த கண்ணெல்லாம் இப்படித்தான் வடிந்திருக்கிறது போலும் என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதைக் கொண்டுபோய்க் கண்மாயில் வீசினேன். அதே கயிற்றில் புதியதைக் கட்டி, தட்டில் கிடந்த மஞ்சளும் குங்குமமும் அப்பிவிட்டேன். பரீட்சை லீவு என்று எல்லோரிடமும் சொன்னேன். அத்தை எனக்கு மூன்று முறை சோறு போட்டார்.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. கோலம் போட வந்த அத்தை நிமிர்ந்து பார்த்தார். விரல் நீளத்துக்குப் பச்சைக் கொடி. அவர் போட்ட குலவையில் தெருவே கூடிவிட்டது. "எம் மருமக கால் பட்டு முளைச்சிருக்குடி! இனி எந்தக் கோடாங்கியும் வர வேணாம். இவ இந்த வாசலத் தாண்ட மாட்டா!" அக்கா வெளியே வந்து கொடியைப் பார்த்தாள். அப்படியே நிலையைப் பிடித்துக்கொண்டாள். சந்தோஷத்தில் பெண்ணுக்கு மயக்கம் வருகிறது என்றார்கள். அடுப்படிக்குள் போனதும் என் காதைத் திருகி, "எப்ப வந்த நீ, புதங்கிழமதான? கிழங்க நீதான மாத்துன? யாருடா செய்யச் சொன்னது?" என்றாள். அவளுடைய கண்ணில் தண்ணீர். நன்றியில் அழுகிறாள் என்று நினைத்தேன். காது மட்டும் அதை நம்பவில்லை.

மச்சான் மதுரை சிம்மக்கல்லில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் வேலை பார்த்தார். வாரத்துக்கு ஒரு நாள்தான் ஊருக்கு வருவார். அன்று சாயங்காலம் கையில் இரண்டு புதுப் பிளாஸ்டிக் குடங்களோடு சிரித்துக்கொண்டே வந்தவர், கொடியைப் பார்த்ததும் இழவு வீட்டு வாசலில் நிற்பதுபோல நின்றுவிட்டார்.

"எதுக்குடா குடம்? நம்ம வீட்டுல இல்லாத குடமா?" என்றார் அத்தை.

"இல்லம்மா... தள்ளுபடியில போட்டாக."

எனக்கு விஷயம் விளங்க நாலு வருடம் ஆனது. மதுரையில் ஒரு அறை பார்த்து வைத்திருந்தார் மச்சான். அம்மாவை விட்டுத் தனியாகப் போகிறோம் என்று சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை, அக்காவுக்கும் துணிச்சல் இல்லை. வாசலே ஆகவில்லை என்றால் அத்தையே அனுப்பிவிடுவார் அல்லவா? அதற்காக அக்கா நாலு மாதமாக, அத்தை வேலைக்குப் போன பிறகு, கிழங்கை இறக்கிக் கொதிக்கும் வடிகஞ்சியில் முக்கியெடுத்து மறுபடி தொங்கவிட்டிருக்கிறாள். நான் வந்து உட்கார்ந்த பிறகுதான் அதற்கு வழியில்லாமல் போயிருக்கிறது. வேறு வாசலில் ஒரு வருஷம் இருக்கட்டும் என்று சொல்லச் சொல்லி, மச்சான் கோடாங்கிக்கு ஒரு வேட்டியும் எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

இதெல்லாம் தெரியாத நான், அக்கா பின்கட்டில் விசும்புவதைப் பார்த்தேன். கள்ளத்தனமாக மாற்றியது அவளுக்கு உறுத்துகிறது என்று முடிவு செய்தேன். பழியை நான் ஏற்றுக்கொண்டால் அவள் அழமாட்டாள். நேரே அத்தையிடம் போய் நின்றேன்.

"அத்தை, அது பழைய கிழங்கு இல்ல. நாந்தான் மாத்துனேன். அக்காவத் திட்டாதீக."

முறத்தில் இருந்த கை நின்றது. "பழசு எங்க?"

"கண்மாயில போட்டுட்டேன்."

"எப்படி இருந்துச்சு?"

"பிசுபிசுன்னு. கஞ்சி வாடை அடிச்சுச்சு, அத்தை."

அத்தை என்னைப் பார்த்தார். பின்கட்டு வாசலில் உறைந்து நின்ற அக்காவைப் பார்த்தார். பிறகு அந்த இரண்டு குடங்களையும் வெகுநேரம் பார்த்தார்.

"கஞ்சி குடிக்கிற கருடன இன்னைக்குத்தான் கேள்விப்படுறேன்" என்றார் மெதுவாக.

அவர் எழுந்து உள்ளே போய், ஒரு குடத்தில் அரிசியைக் கொட்டினார். இன்னொன்றில் பருப்புப் பொட்டலம், மிளகாய், புளி, ஊறுகாய்ப் புட்டி என்று அடுக்கினார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டே பேசினார்.

"புதுக் குடத்த வெறுமையாக் கொண்டு போகக் கூடாது. காலையில மொத பஸ்ஸுக்குக் கிளம்புங்க ரெண்டு பேரும். வாரம் ஒருக்க வரலேன்னா நானே அங்க வந்து உக்காந்துக்குவேன், பாத்துக்க."

காப்பாற்ற வந்த நான், வாயைத் திறந்து அக்காவையும் மச்சானையும் சேர்த்து வீட்டை விட்டே விரட்ட வைத்துவிட்டேன். நாளைக்குப் பரீட்சை, விடுதிக்குப் போறேன் என்று முணுமுணுத்துவிட்டுப் பொழுது சாய்வதற்குள் கிளம்பினேன். அத்தை கூப்பிட்டு என் பைக்குள் ஒரு தூக்குச் சட்டியை வைத்தார். அதில் சர்க்கரைப் பொங்கல் இருந்தது. விரட்டுகிற வீட்டில் சர்க்கரைப் பொங்கல் எதற்கு என்று யோசித்துக்கொண்டே, முழுவதையும் தின்று தீர்த்துக்கொண்டே நடந்தேன். அம்மா முகத்தில் விழிக்கவும் முடியாது, விடுதிக்குத் திரும்பவும் முடியாது. அன்று மேலூர் பஸ் நிலையத்துச் சிமெண்டு பெஞ்சில் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை, நிலையத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் கிளாஸ் கழுவும் வேலைக்குச் சேர்ந்தேன். இரண்டாவது ஈடு கழுவிக்கொண்டிருக்கும்போது முதல் பஸ் வந்து நின்றது. ஜன்னலோரம் அக்கா. பக்கத்தில் மச்சான் எதையோ சொல்ல, அவள் முந்தானையால் வாயைப் பொத்தியும் அடங்காமல் குலுங்கினாள். நான் பாய்லருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"யாருடா அது, தெரிஞ்சவகளா?" என்றார் கடைக்காரர்.

"எங்க அக்காண்ணே. வீட்ட விட்டு அனுப்பிட்டாக" என்றேன்.

அவர் பஸ்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்புறம் ஏன்டா அம்புட்டுச் சிரிப்புச் சிரிக்குது?"

வாளியில் இன்னும் பத்துப் பன்னிரண்டு கிளாஸ்கள் கிடந்தன. குனிந்து கழுவ ஆரம்பித்தேன்.