எட்டு விநாடிச் சிரிப்பு

சென்ற செவ்வாய்க்கிழமை ஒருவரைச் சவப்பெட்டிக்குள் நிறுத்திப் படம் எடுத்தேன். பதற வேண்டாம்... அவர் நலம்.

நான் பிழைக்க வந்த வெளிநாட்டு நகரில், ஈஸ்ட் டாமாக்கி என்ற பகுதியில், ஒரு பழைய கிடங்கினுள் சினிமாவுக்காகக் கௌபாய் ஊர் ஒன்றை எழுப்பியிருக்கிறார்கள் — மதுக்கடை, சிறைச்சாலை, குதிரை கட்டும் கம்பம் எல்லாம் உண்டு. சுட்டுக் கொன்ற கொள்ளையனைப் பெட்டியில் சாய்த்து நிறுத்தி, படமெடுத்து, ஊராருக்குக் காட்டுவது அக்கால வழக்கமாம். கதைக்கு அப்படியொரு படம் தேவை. என்னைப் பழங்காலக் கேமராவோடு அழைத்திருந்தார்கள்.

கைவசம் இரண்டே கண்ணாடித் தகடுகள். ஒவ்வொன்றுக்கும் எட்டு விநாடி ஒளி காட்ட வேண்டும். அதுவரை எதிரே இருப்பவர் அசையக் கூடாது. இரண்டாவது தகடு, முதலாவது பழுதானால் உதவுவதற்கு.

கொள்ளையனாக நடித்தவர் தயாபரன். யாழ்ப்பாணத்துக்காரர். இளமையில் சென்னை ஸ்டுடியோக்களில் துணை நடிகர்; இப்போது இதே நகரின் பென்ரோஸில் ஃபோர்க்லிஃப்ட் என்னும் சுமைதூக்கி வண்டி ஓட்டுகிறார். விடுப்பு எடுத்து வந்து படங்களில் சாகிறார். அவர் பெயர் உங்களுக்குத் தெரிந்திராது. முகமும் தெரிந்திராது — பெரும்பாலும் குப்புற விழுந்துவிடுவார்.

பெட்டியில் ஏறுமுன் என் கையைப் பிடித்தார்.

"தம்பி, முடிஞ்ச உடன நான் சிரிக்கிற படமும் ஒண்டு எடுக்க வேணும்."

புரிந்தது. பிணமாக நடித்தவர் எழுந்ததும் கேமராவைப் பார்த்துச் சிரிப்பது கோடம்பாக்கத்து வழக்கம். அந்தச் சிரிப்பையும் பதிவு செய்தால்தான் தோஷம் கழியும்.

"செல்போன்ல எடுத்துத் தரேண்ணே."

"செத்தது இந்தக் கேமராவில. சிரிப்பும் இதிலதான். போன மாசம் நெஞ்சு நோவெண்டு ஆஸ்பத்திரியில கிடந்தனான். போகவேண்டாமெண்டு மனிசி ஒரே சண்டை. சிரிச்ச படத்தோட வந்தால்தான் கதவு திறப்பாவாம்!"

"முதல் பிளேட் சொதப்பிட்டா என் வேலை போயிடும்ணே."

"நான் பிழைவிட மாட்டன். நீர் பிழைவிடாமல் இரும்."

லென்ஸின் மூடியைத் திறந்தேன். ஒன்று... இரண்டு...

அதன்பின் கண்டதை எப்படி எழுதுவது? அசையாமல் நிற்க எவராலும் இயலும். இவரோ — ஆள் குடியிருந்த முகத்தைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தார். தாடை தொங்கியிருந்தது. பாதி திறந்த விழிகள் என்னை நோக்கியிருந்தன, ஆனால் பார்க்கவில்லை. குதிரைகளோடு வந்த ஈ ஒன்று கீழிமையில் அமர்ந்தது, நடந்தது, மூக்கின்மேல் ஏறியது. மார்பு எழவேயில்லை. ஐந்து... ஆறு... போன மாதத்து நெஞ்சு நோவு நினைவுக்கு வந்தது. எண்ணுவதை விட்டு அவரிடம் ஓடிவிடலாமா?

எட்டு. மூடினேன்.

"அண்ணே!"

தாடை தொங்கியபடியே இருந்தது.

"அண்ணே...!"

"என்ன தம்பி, மூடி போட்ட சத்தமே கேக்கேல்லை" என்றது பிணம்.

பெண் இயக்குநர் கண்களைத் துடைத்துக்கொண்டே, எதற்கும் இன்னொன்று எடுத்துவிடும்படி ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு நகர்ந்தார். எடுத்தேன் — சிரிப்பை!

சாவை எட்டு விநாடி தாங்கியவரால் சிரிப்பைத் தாங்க முடியவில்லை. மூன்றில் உதடு நடுங்கியது. ஐந்தில் தோள் குலுங்கியது. ஏழில் பெட்டியே ஆடியது.

அன்று மாலை முதல் தகட்டைக் கழுவிப் பார்த்தேன். பழுதில்லை. ஒவ்வோர் இமைமயிரும் தெளிவு. இரண்டாவதிலோ முகமே கலைந்திருந்தது — கண்கள் இருக்குமிடத்தில் இரண்டு கீற்று, வாய் இருக்குமிடத்தில் வெண்புகை.

சனிக்கிழமை மவுண்ட் வெல்லிங்டனில் அவர் வீட்டுக்குச் சென்று, அதைத் தயக்கத்தோடு நீட்டினேன்.

"கலங்கிப் போச்சுக்கா. அண்ணன் அசைஞ்சுட்டார்."

அவர் மனைவி வசந்தி அக்கா படத்தைச் சன்னலருகே கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார்.

"அசைஞ்சவரோ?"

"ஆமாக்கா."

"காணும்" என்றார். 'போதும்' என்பதற்கு அவர்கள் ஊர்ச்சொல்.

'அசையாதீர்கள், அசையாதீர்கள்' என்று அதட்டியே பிழைப்பு நடத்துபவன் நான்... அந்தக் கலங்கலைச் சுவரில் மாட்ட ஆணி அடித்துக் கொடுத்தேன்.